மூன்று கம்ப உயரம்

சங்கரி அக்கா எதை அளந்தாலும், அளக்கிற கருவியைத்தான் முதலில் சந்தேகப்படுவாள். தெர்மாமீட்டரை உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் உதறுவாள். மளிகைக் கடையில் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பருப்பைப் போடச் சொல்வாள். தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பெண்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவள். காலையில் மாணவிகள் வருவதற்கு முன் எல்லாத் தராசுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைப்பதுதான் அவளுடைய முதல் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

போன ஆகஸ்டில் டெங்கு வந்து ஒன்பதே நாளில் போய்விட்டாள். ஐம்பத்தொரு வயது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், பக்காலிக் கடற்கரையில் அவள் உட்கார்ந்திருந்த மூன்று குளிர்காலங்களைத்தான் சொல்ல வேண்டும். அதிலும், அவள் தன் கையாலேயே அடித்துப்போட்ட ஒன்றை.

எங்கள் அப்பா இராஜமாணிக்கம் சரக்கு ரயிலில் கார்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சிக்கு வந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். யார்டை ஒட்டி ஒரு பெரிய ஏரி உண்டு. நவம்பர் பிறந்தால் அதில் சிறகிகள் என்ற சின்ன வாத்துகள் வந்து இறங்கும். ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் பழுப்பாக, நெருக்கமாக, யாரோ கூழாங்கற்களைக் கொட்டிவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். அவை கூவாது, விசிலடிக்கும். யார்டில் ஷண்டிங் எஞ்சின்களும் விசிலடிக்கும். பனி மூடிய காலைகளில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு எது ரயில், எது பறவை என்று பந்தயம் கட்டுவோம். அக்கா ஒருமுறைகூடத் தோற்றதில்லை. நான் பாதி நாள் தூங்கிப்போவேன். அந்த விசில்கள் கனவுக்குள் வந்து, வாத்துகள் வரிசையாகத் தண்டவாளத்தில் போவதுபோல் இருக்கும்.

அப்பா ரிடையர் ஆனபோது குவார்ட்டர்ஸை விட்டோம். ஆனால் அக்கா அந்த ஏரியை விடவில்லை. பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "மார்ச் மாசம் வாங்க, சொல்லுதேன். இப்பம் சீசன்" என்பாள். மார்ச்சில் யாரும் திரும்பக் கேட்டதில்லை.

அவள் காற்றாலைப் பக்கம் போனது ஒரு கேள்வியால். செந்தில்நாதன் ஸார் என்று ஒருவர். மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பொள்ளாச்சிக்காரர், நாற்பது வருடமாகக் கொல்கத்தாவில் இருக்கிறார். வங்காள விரிகுடாவில், கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள்ளேயே காற்றாலைகள் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஒரே பேச்சு. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் படம் காட்டிப் பேசுவார். அக்காவின் கல்லூரிக்கும் வந்தார். பேசி முடித்ததும் மாணவிகள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே அக்கா கேட்டிருக்கிறாள்.

"பறவைங்க எந்த உயரத்துல போகும்னு பாத்தீங்களா ஸார்?"

"இல்லீங்க அம்மிணி."

"எறக்கை சுத்துற எடத்துலயே அதுங்களும் போச்சுன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பாத்துச் சொல்லுங்களேன்" என்றாராம்.

அவ்வளவுதான். அடுத்த வருடமே அக்கா விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள். காளிகாட்டில் ஒரு தமிழ் டிபன் கடைக்கு மேல் செந்தில்நாதன் ஸாரின் அலுவலகம் இருந்தது. ஒரே அறை, இரண்டு மேஜை, சுவர் நிறையக் கடல் வரைபடம். கீழிருந்து சாம்பார் வாசனை ஏறிவந்து வரைபடத்திலேயே படிந்துவிட்டது என்று அக்கா சொல்வாள். வங்காளிகளுக்காகக் கொஞ்சம் வெல்லம் போட்ட சாம்பார். அதைச் செந்தில்நாதன் ஸார் நாற்பது வருடமாக மன்னிக்கவில்லை.

ஏரியில் அவளோடு பறவை எண்ணுகிற பழைய சிநேகிதர்கள் அவளை 'விசிறிக்காரி' என்றார்கள். காற்றாலைக் கூட்டங்களுக்குப் போனால் அங்கே அவள் 'வாத்துக்காரம்மா'. இரண்டு பக்கமும் அவளை அடுத்த பக்கத்து ஆள் என்றே நினைத்தார்கள். நானும் ஒருமுறை கேட்டேன், நீ எந்தக் கட்சி என்று.

"பக்காலிக்கு ஒரு தடவ வந்து பாருட்டி," என்றாள். "நான் மொத மொத போனப்பம் உள்ளான் எறங்குன சேத்துத்திட்டு இப்பம் தண்ணிக்குள்ள கெடக்கு. சவுக்கு மரமெல்லாம் வேரோட சாஞ்சு கெடக்கு. கரியப் போட்டு எரிச்சுக்கிட்டே இருந்தா கடலு ஏறிக்கிட்டேதான் வரும். நெலமே முங்கிப்போச்சுன்னா அதுங்க எங்க வந்து எறங்கும்? எனக்குக் காத்தாடியும் வேணும், பறவையும் வேணும்."

"ரெண்டும் வேணும்னா எப்படி?"

"அதுக்குத்தான் உயரம் பாக்கேன்."

அவள் உயரம் பார்த்த விதம் இது. காற்றாலையின் இறக்கை சுற்றும்போது அதன் நுனி கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் வரை கீழே வரும். அதற்குக் கீழே பறந்தால் பறவைக்கு ஆபத்தில்லை. வெறும் கடலின் மேல் பறக்கும் பறவை இருபது மீட்டரில் போகிறதா நாற்பதில் போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்தில் தெரிந்த உயரம் ஏதாவது வேண்டும். பக்காலியில் நிதாய் என்ற மீனவர் குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு வலை கட்டுவார். அவருடைய படகில் பச்சைக் கொடி கட்டிய ஒரு மூங்கில் கம்பம். முதல் குளிர்காலத்தில் எண்ணத் தொடங்கும் முன் அக்கா படகிலேயே ஏறி டேப் பிடித்து அளந்தாள். தண்ணீரிலிருந்து கம்பத்தின் நுனி வரை சரியாகப் பத்து மீட்டர். ஆக, மூன்று கம்ப உயரம் என்றால் முப்பது. படகை ஒட்டிக் கடக்கிற பறவைகளை மட்டும் எடுத்துக்கொள்வாள். மூன்று கம்பத்துக்குக் கீழே போனால் 'கீழே'. இறக்கை சுற்றும் உயரத்தில் போனால் 'நடு'. அதையும் தாண்டினால் 'மேலே'. கரையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் யாராவது எழுத வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் தானே குத்துமதிப்பாக மடியில் எழுதிக்கொள்வாள், கண்ணை எடுக்காமல்.

"உனக்கு இதெல்லாம் புரியாதுட்டி," என்று என்னைச் சீண்டுவாள். "நீ நியூ டவுன்ல பதினெட்டாம் மாடியில இருக்க. உனக்கு எல்லாப் பறவையும் கீழதான்."

முதல் குளிர்காலத்தில் தாமதமாகத் தொடங்கியதால் பத்தொன்பது நாள்தான் கிடைத்தது. பாதிக்குச் சற்று மேல் 'கீழே'. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது குளிர்காலத்தில் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி கடைசிவரை தொண்ணூற்றொரு நாள் உட்கார்ந்தாள். சீல்தாவிலிருந்து நாம்கானா லோக்கல், அங்கிருந்து பஸ், கடற்கரையில் ஒரு தகரக் கூரை அறை. போனில் பேசினால் அவள் குரலோடு காற்றும் பேசும். "இன்னிக்கு ஆலா நெறய. வெள்ளையா, மெல்லிசா, காகிதத்தக் கிழிச்சு விட்ட மாதிரி போச்சு. எல்லாம் கீழதான்." அந்த வருடம் பனி அதிகம். கடலும் வானமும் ஒரே நிறமாகி, நடுவே படகு மட்டும் எதிலும் ஒட்டாமல் தொங்கும். கம்பமும் பச்சைக் கொடியும் பனியில் வரும், போகும். வந்திருக்கும் நேரத்துக்குள் எண்ண வேண்டும்.

கடைசியில் நூற்றுக்கு எண்பத்தாறு 'கீழே' என்று வந்தது.

செந்தில்நாதன் ஸார் அன்று வெல்லம் போட்ட சாம்பாரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாராம். ஏப்ரலில் அரசுக் குழு ஒன்று கூடுவதாக இருந்தது. கடலில் எந்தப் பகுதியைக் காற்றாலைக்காக ஆராய்வது என்று அப்போதுதான் முடிவாகும். அதை விட்டால் மறுபடி மூன்று வருடம். பக்காலிக்கு நேரே ஒரு பகுதியைக் குறித்து, அக்காவின் எண்களை வைத்து அவர் அறிக்கை எழுதிவிட்டார். மூன்று பிரதிகள் குழுவுக்குப் போயும்விட்டன. அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஒன்பது வருடமாக அவர் பேசிக்கொண்டிருந்த ஒன்றுக்கு முதல்முறையாக ஓர் எண் கிடைத்திருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிதாய்க்கு நன்றி சொல்ல அக்கா பக்காலிக்குக் கிளம்பினாள். நானும் போனேன். நான் பார்க்காத அந்தக் கடற்கரையைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. கையில் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு, நிதாயின் படகைப் பனிக்குள் அக்கா எடுத்த ஒரு பெரிய புகைப்படம்.

சீசன் முடிந்து படகுகளைக் கரையில் ஏற்றியிருந்தார்கள். வற்றம். கடல் எங்கோ தூரத்தில் ஒரு வெளிறிய கோடாக இருந்தது. ஈர மணலில் வானம் முழுதும் கிடந்தது. அதன் மேல் நடந்தால் எதன் மேல் நடக்கிறோம் என்று தெரியவில்லை. நிதாய் படகின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த மனிதர். புகைப்படத்தை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மற்ற மீனவர்களுக்குக் காட்டினார். "என் படகு! பாரு, சினிமா நடிகன் மாதிரி இருக்கு!"

கொடிக்கம்பத்தைக் கழற்றி மணலில் படுக்கவைத்திருந்தார்கள். அக்கா சிரித்துப் பேசியபடியே அதன் ஓரமாக நடந்தாள். அவள் நடை எனக்குத் தெரியும். ஒரே அளவான அடிகள். எதன் பக்கத்தில் நடந்தாலும் எண்ணிக்கொண்டேதான் நடப்பாள். அவள் நின்றுவிட்டாள். கம்பம் நிற்கவில்லை. அது அவளுக்கு முன்னால் இன்னும் நீண்டு போய்க்கொண்டிருந்தது.

திரும்பி, அடியிலிருந்து மறுபடியும் நடந்தாள். இந்த முறை உதடு அசைந்தது.

மேல் பக்கம் ஓர் இடத்தில் மூங்கிலோடு மூங்கிலை வைத்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே தார் பூசியிருந்தது. அக்கா அந்தக் கட்டைத் தொட்டாள்.

"இது எப்ப, நிதாய்தா?" என்றாள். அண்ணனை அங்கே 'தா' என்பார்கள்.

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லையே என்று காத்திருந்த முகம். அவளை அவரும் அக்கா என்றுதான், 'திதி' என்று, கூப்பிடுவார்.

"கவனிச்சிட்டீங்களா திதி! உங்களுக்காகத்தான். பனியில கம்பம் தெரிய மாட்டேங்குதுன்னு சொன்னீங்கல்ல? அதான் இன்னொரு துண்டு சேர்த்துக் கட்டினேன். இப்ப நல்லாத் தெரிஞ்சுதா?"

அக்கா அந்தக் கயிற்றை விரலால் ஒருமுறை நீவினாள். பிறகு, "நல்லாத் தெரிஞ்சுது, நிதாய்தா" என்றாள். வங்க மொழியில் அவள் குரல் எப்போதும் ஒரு படி மென்மையாக இருக்கும். அன்று இன்னும் மென்மையாக இருந்தது.

தன் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கம்பத்தின் அடியைப் படகில் எந்த இடத்தில் செருகுவார்கள், தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டுக் கேட்டு அளந்தாள். பதின்மூன்று மீட்டர். நிதாய் டேப்பின் மறுநுனியைப் பெருமையோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு விளக்கினாள். முதலில் எனக்குப் புரியவில்லை. கம்பம் நீண்டால் என்ன?

"அந்தக் கம்பந்தாமுட்டி என் ஸ்கேலு. மூணு கம்பம்னா முப்பதுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அது முப்பத்தொம்பது. முப்பத்தஞ்சுல போனதையெல்லாம் 'கீழ, கீழ'ன்னு சொல்லியிருக்கேன். எல்லாம் எறக்கைக்குள்ள போனது."

"கம்பம் அவ்ளோ நீளமா மாறினது உனக்குத் தெரியலியா?"

"ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் படகு முன்னயும் பின்னயும் போவும். கம்பம் ஒரு நாள் பெருசாத் தெரியும், ஒரு நாள் சிறுசாத் தெரியும். அது பழக்கந்தான்." ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "ஆனா அது இல்ல. போன வருசம் பாதிக்குப் பாதி வந்தது, இந்த வருசம் எம்பத்தாறு வந்துது. அப்பமே ஏன்னு கேட்டிருக்கணும். நமக்குப் புடிச்ச நம்பரு வந்துதா, பேசாம இருந்துட்டேன். ஆடிக்கொரு தடவ கூட கம்பத்த அளக்கல பாத்தியா. இருபத்தாறு வருசம் தெனமும் தராசு பாத்தவ."

நாம்கானாவில் ரயில் ஏறியதும் தூங்கிவிட்டாள். அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சீல்தா வருவதற்குச் சற்று முன் கண்ணைத் திறக்காமலே, "நிதாய்கிட்ட சொல்லப்படாது, கேட்டியா" என்றாள்.

மறுநாள் காளிகாட்டுக்கும் கூடப் போனேன். அவளைத் தனியே விட மனம் வரவில்லை. செந்தில்நாதன் ஸார் முழுவதையும் கேட்டார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

"இதுக்குப் போயி எதுக்குங்க அம்மிணி இப்படி ஆடிப்போயிட்டீங்க? பத்து பதிமூணாச்சு. அவ்வளவுதானுங்களே. எல்லாத்தையும் ஒண்ணு புள்ளி மூணால பெருக்கிட்டாப் போச்சு."

"நான் உயரத்த மீட்டர்ல எழுதல ஸார். கீழ, நடு, மேலன்னுதான் எழுதியிருக்கேன். எதப் பெருக்க?"

"சரிங்க. கம்பம் நீட்டுறதுக்கு முந்தி எழுதுனது சரிதானுங்களே? அதையாவது வெச்சுக்கலாமுல்ல."

"எந்தத் தேதியில கட்டுனாருன்னு தெரிஞ்சா வச்சுக்கலாம்."

"அவ்வளவுதானே? கேட்டுப்போடலாம்." அங்கேயே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாற்பது வருடம் ஆகியும் அவருடைய வங்க மொழி கோயம்புத்தூர் வழியாகத்தான் வரும். நலம் விசாரித்துவிட்டு, கம்பத்தில் துண்டு சேர்த்தது எந்தத் தேதி என்று கேட்டார்.

மறுமுனையில் கடல் சத்தம், யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம். "அது ஸார்... காளி பூஜைக்கு அப்புறம். இல்ல, ஜகத்தாத்ரி பூஜைக்கு அப்புறமோ? ராஸ் மேளாத் திருவிழாவுக்கு என் மச்சான் வந்திருந்தான், அவன்தான் மூங்கில் கொண்டுவந்தான். அது அந்தத் தடவையா, அவன் மறுபடி வந்தப்பவா..." கொஞ்சம் நிறுத்தினார். "திதிக்கு எந்தத் தேதி வேணும் ஸார்? சொல்லுங்க, அந்தத் தேதின்னே வெச்சுக்கலாம்."

செந்தில்நாதன் ஸார் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அக்காகூடச் சிரித்தாள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"அடிக்குறிப்பாப் போட்டுக்கலாங்க," என்றார் அவர், குரல் இறங்கி. "சின்ன எழுத்துல. 'அளவையில் சிறு மாறுதல் இருக்கலாம்'னு."

"சிறு மாறுதல் இல்லையே ஸார்."

"அம்மிணி. நீங்க போயி இத நிறுத்துனா அடுத்தது மூணு வருசம். எனக்கு அறுபத்தெட்டுங்க."

அக்கா சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்காலிக்கு நேரே நீலத்தில் ஒரு சின்னச் செவ்வகம். அதை அவர் பென்சிலால் வரைந்து, பிறகு பேனாவால், பிறகு கலர் பென்சிலால் நிரப்பியிருந்தார். குழந்தை வரைகிற வீடு மாதிரி அவ்வளவு ஆசையாக நிரப்பியிருந்தது.

"எனக்கு மட்டும் ஆச இல்லைன்னு நெனைக்கீங்களா?" என்றாள் கடைசியில்.

"உங்க பேருல இருக்கற கணக்குங்க. முடிவு உங்களுது," என்று சொல்லிவிட்டு அவர் கீழே டீ சொல்லப் போனார். திரும்பி வரவில்லை. டீ மட்டும் வந்தது.

ஏப்ரல் கூட்டம் நியூ டவுனில் ஓர் அரங்கத்தில் நடந்தது. என் ஃபிளாட்டிலிருந்து நடந்து போகிற தூரம். முந்தின நாளே வந்து தங்கியிருந்தாள். காலையில் பால்கனியில் நின்று கீழே பறந்த பருந்துகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பல் தேய்த்தாள். "நீ சொன்னது மாதிரி எல்லாம் கீழதான் போவுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

குளிர்ந்த அரங்கம். நீளமான மேஜைகள், தண்ணீர் பாட்டில்கள், திரையில் யாரோ காட்டிக்கொண்டிருந்த கடல். அக்கா முறை வந்ததும் எழுந்து மைக்கைப் பிடித்தாள். செந்தில்நாதன் ஸார் இரண்டு நாற்காலி தள்ளி, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில், மெதுவாக, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள். இரண்டாவது குளிர்காலத்தில் அவளுடைய அளவுகோல் மாறியிருந்தது. எந்த நாளில் மாறியது என்று தெரியாது. ஆகவே அந்த வருடத்துக் கணக்கு எதையும் பயன்படுத்த வேண்டாம்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படி மாறியது?"

"நான் கவனிக்கவில்லை," என்றாள் அக்கா.

"யார் மாற்றினார்கள் என்று கேட்கிறேன்."

"அதைச் சரிபார்ப்பது என் வேலை. நான் செய்யவில்லை."

அரங்கத்தில் லேசான சலசலப்பு. அப்படியானால் இந்தக் கோரிக்கைக்கு அடிப்படையே இல்லையே என்று யாரோ சொன்னார்கள். செந்தில்நாதன் ஸார் எழுந்தார். அவர் மறுத்துப் பேசப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மைக்கின் மேல் அவள் விரல்கள் இறுகின.

"மூன்று பிரதி கொடுத்திருந்தோம்," என்றார் அவர் குழுத் தலைவரைப் பார்த்து. "தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்."

மூன்றையும் வாங்கி, ஓரம் மடங்கியிருந்த ஒன்றைக் கையால் நீவிவிட்டு, பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் டாக்ஸியில் ஏறும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் அவர் கூப்பிடவில்லை. அக்காவும் காளிகாட்டுக்குப் போகவில்லை. இரண்டாவது குளிர்கால நோட்டுகளை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் குறுக்காக ஒரு கோடு போட்டு, 'பயன்படாது' என்று எழுதினாள். தொண்ணூற்றொரு நாள். ஒரு மாலை முழுவதும் எழுதினாள். "மொத்தமா மேலட்டையில ஒரு தடவ எழுதுனாப் போதாதா?" என்று கேட்டேன். "ஒரு பக்கத்த மட்டும் யாராச்சும் கிழிச்சு எடுத்துட்டா?" என்றாள். அழுதாளா என்று சிலர் கேட்டார்கள். அழவில்லை. ஆனால் நடுவில் ஒரு பக்கத்தில் நின்று, "இது நல்ல நாளு. அன்னிக்கு ஊசிவால் வாத்து வந்துது. நாப்பது, வரிசையா, சத்தமே இல்லாம" என்றாள். பிறகு அதன் மேலும் கோடு போட்டாள்.

நவம்பரில் அவள் பக்காலிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மிணி, அங்க ஸ்டூல் இன்னொண்ணு இருக்குதுங்களா? இல்ல நானே கொண்டாரணுமா?"

அந்த மூன்றாவது குளிர்காலத்தில் அக்கா வாரத்துக்கு ஒரு தடவை படகில் ஏறிக் கம்பத்தை அளந்தாள். திதிக்குத் தன் படகின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நிதாய் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு தடவையும் டேப்பின் மறுநுனியை அவரே பிடித்தார். பதின்மூன்று. ஒவ்வொரு தடவையும் பதின்மூன்று. இப்போது இரண்டு கம்பமும் கொஞ்சமும் என்றால் முப்பது.

ஜனவரியில் நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு எழுதித்தரப் போனேன். விடிந்தும் விடியாமலும் மூவரும் கரைக்குப் போவோம். அக்கா ஸ்டூலில், தொலைநோக்கிக்குப் பின்னால். நான் பாயில், நோட்டோடு. செந்தில்நாதன் ஸார் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி, மடியில் தெர்மாஸ் ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதுவும் கேட்க மாட்டார். பேரீச்ச வெல்லம் போட்ட டீயை மூடியில் ஊற்றி நீட்டுவார். "வங்காளத்துல வெல்லம் போடத் தகுந்தது இது ஒண்ணுதானுங்க."

மூன்றாம் நாள் பனி கொஞ்சம் விலகியது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடு முளைத்தது, அதில் படகு, படகின் மேல் பச்சைக் கொடி. வடக்கிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. முதலில் எனக்கு அது தூரத்து ரயில் என்றே தோன்றியது. இங்கே தண்டவாளம் ஏது என்று நான் யோசிப்பதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சிறகிகள். பழுப்பு நிறத்தில், ஒரு நீண்ட தளர்ந்த நூல்போல, பனியிலிருந்து வெளியே வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு அருகில், இவ்வளவு சோம்பலாக, உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோலப் பறந்தன. படகின் மேல் வந்தபோது கம்பத்துக்கு மேல் இன்னொரு கம்ப உயரம், அதற்கும் மேல் இன்னும் கொஞ்சம். எனக்கே தெரிந்தது. கீழே வா, கீழே வா என்று என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அக்காவின் மனசும் சொல்லியிருக்கும்.

"முப்பது வாத்து. நடு," என்றாள்.

என் பேனா நின்றுவிட்டது.

"எழுதுட்டி."

எழுதினேன். பின்னாலேயே அடுத்த நூல். "இருபத்திரெண்டு. நடு." அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம், தண்ணீரை ஒட்டி. "ஒம்பது. கீழ." செந்தில்நாதன் ஸாரின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. "அறுவது. நடு. நாப்பத்தஞ்சு. நடு." மறுபடி தாழ்ந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஆடை கட்டிவிட்டது.

கொஞ்ச நேரம் வானம் வெறுமையாக இருந்தது. அக்கா தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

"நாம குறிச்ச எடம் ஆகாது ஸார்," என்றாள்.

"தெரியுதுங்க." அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் உள்ள தள்ளிப் போனா?"

"கரைய ஒட்டித்தான் அதுங்க போவுது போல. உள்ள கம்மியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அங்க போயிப் பாத்தாத்தான் தெரியும்."

"எத்தன வருசமாகும்?"

"ரெண்டு குளிர்காலமாச்சும்."

அவர் குல்லாவைக் கழற்றி, நரைத்த தலையைத் தடவிக்கொண்டார். "எழுவது," என்றார், தனக்குள் கூட்டிப் பார்த்ததுபோல. பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மடித்து வைத்திருந்த வரைபடத்தை முழங்காலில் விரித்து, பழைய செவ்வகத்துக்கு வெகு தெற்கே, ஆழமான நீலத்தில், மிக லேசாக, அழித்தாலும் தெரியாதபடி ஒரு கோடு போட்டார். "இங்கெல்லாம் படகுல வந்து வாந்தி எடுக்கற வயசுங்களா எனக்கு?"

"வாங்க ஸார், பை கொண்டுவாரேன்," என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அந்தக் காலையில் எங்கள் மூவருக்கும் சிரிக்க வந்தது. வடக்கே மறுபடியும் அந்த மெல்லிய விசில். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைநோக்கிக்குக் குனிந்தாள். நான் புதிய பக்கம் திருப்பினேன்.

"வருது," என்றாள். "நெறய வருது. எழுதிக்கோ."